பதினொன்றாம் கட்டிலின் முடிச்சு

அக்டோபர் 3, 1978, செவ்வாய்

இன்று மாடி வார்டுகளிலிருந்து அழுக்குத் துணிக் குழாய் வழியாக விழுந்த விரிப்புகளில் ஒன்றின் மூலையில் முடிச்சு போட்டிருந்தது.

தானாக விழுந்த சிக்கல் இல்லை. நான்கு மாடி உருண்டு வரும் துணியில் சிக்கல் விழத்தான் செய்யும், ஆனால் தளர்வாக இருக்கும். இது யாரோ பொறுமையாக உட்கார்ந்து இறுக்கியது. இரண்டு சுற்று. நுனி ஒரு காதைப் போல நீட்டிக்கொண்டிருந்தது.

முடிச்சோடு உள்ளே விட்டால் இஸ்திரி இயந்திரத்தின் உருளை நின்றுவிடும். அதற்காகத்தான் என் மேசையில் இரும்புக் கொக்கி தொங்குகிறது. கொக்கியை நுழைத்தேன், இழுத்தேன், அவிழ்ந்தது. இரண்டு மணிச் சங்கு ஊதியது. அடுத்த துணியை எடுத்தேன்.

இன்னொன்று. எங்கள் விரிப்புகளில் மாவட்ட அரசு நடத்தும் இந்தக் கவுண்டி ஆஸ்பத்திரியின் நீல முத்திரை இருக்கும். இதில் இருந்தது சிவப்பு. மங்கிய வட்டம், உள்ளே ‘சி’ என்று ஒற்றை ஆங்கில எழுத்து.

என்னோடு வேலை பார்க்கும் மிஸ் ஆர்டீலியாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நானாக வாய் திறந்து கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அக்டோபர் 4, புதன்

மிஸ்டர் டில்லார்ட் இறந்துவிட்டார்.

மதியம் துவைத்த துணி வண்டியை நான்காம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. பதினொன்றாம் கட்டிலில் இருந்துகொண்டு அவர் தினமும் வம்புக்கு இழுப்பார். ஆற்றுப் படகில் முப்பது வருடம் கயிறு இழுத்தவர், குரல் வார்டு முழுக்கக் கேட்கும். “வாங்க பேச்சாளரம்மா! இன்னைக்கி என்ன பிரசங்கம்?” எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் எனக்குப் பிடிக்கும். அங்கே வேறு யாரும் என்னைப் பார்த்தது கூட இல்லை.

இன்று மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நர்ஸ் லிகாயா புதிதாக வந்த பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டிருந்தார்.

“முடிச்சு போட்டிருந்தேனே, பாக்கலையா நீ?”

“அழுக்கா இருந்துச்சு சிஸ்டர், மாத்திட்டேன்.”

“மாத்தினா புதுசுல ஒண்ணு போடணும். இல்லேன்னா முடிச்சை அவிழ்க்காம வைக்கச் சொல்லணும். அப்படியே குழாயில போட்டா கீழ இருக்குறவங்களுக்கு என்ன தெரியும்?”

“நிஜமாவா நம்புறீங்க இதெல்லாம்?”

“நம்பிக்கை என்னடி நம்பிக்கை. என் வேலை நேரத்துல யாரும் போகக் கூடாது, அவ்வளவுதான். இங்க எல்லாரும் போடுறதுதான்.” பிறகு தணிந்த குரலில், “நேத்து சரியா ரெண்டு மணிக்கு. வாக்கியத்தை முடிக்கக் கூட இல்ல, பாவம்.”

இரண்டு மணிக்கு.

நான் வண்டியிலிருந்து துணியை இறக்கினேன். எத்தனை இறக்கினேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

அந்த விரிப்பு துவைத்து, தேய்த்து, மடிப்புக்கு வந்தது. மிஸ் ஆர்டீலியா மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நிற்பவர். ஐம்பது வயது இருக்கும். நாக்கு நீளம், கை அதைவிட வேகம். துணியின் ஒரு நுனி என் கையில், மறு நுனி அவர் கையில். முத்திரையைப் பார்த்ததும் சுட்டது போல விட்டுவிட்டார்.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

நான் மேலே கையைக் காட்டினேன்.

“வாயைத் திறந்து சொல்லு பொண்ணே, நீ என்ன நிழலா?”

“நாலாவது மாடி.”

“இருக்க முடியாது. இதையெல்லாம் நானே கிழிச்சேன். என் கையால. ஒண்ணு விடாம.”

சாப்பாட்டு நேரத்தில்தான் மீதியைச் சொன்னார், அதுவும் என்னைப் பார்க்காமல். இந்தச் சலவைக்கூடம் முன்பு வார்டாக இருந்ததாம். கறுப்பர்களுக்கான அடித்தள வார்டு. இருபத்துநான்கு கட்டில், ஒரு ஜன்னல். துணி கூட மேலே உள்ளவர்களுடையதோடு கலக்கக் கூடாது என்று சிவப்பு முத்திரை; ‘சி’ என்றால் ‘கலர்ட்’, கறுப்பர். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு வார்டுகளை ஒன்றாக்கினார்கள். அன்று அந்த விரிப்புகளை எல்லாம் தரை துடைக்கக் கிழித்தது அப்போது பணிப்பெண்ணாக இருந்த மிஸ் ஆர்டீலியா.

சுவரில் பித்தளை எண்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை. ஐந்து மாதமாகத் தினமும் பார்க்கிறேன், இயந்திரங்களுக்கான எண்கள் என்று நினைத்திருந்தேன். என் மேசை ஆறாம் எண்ணுக்குக் கீழே இருக்கிறது.

“முடிச்சு?” என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

“டாக்டரெல்லாம் மேலதான் இருப்பாங்க. ஆள் அனுப்புவோம். வர்றேன்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் உயிர் நிக்கணுமில்ல? மூலையில ஒண்ணு போட்டு வைப்போம். இரு, டாக்டர் வர்றாருன்னு அர்த்தம்.” ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “அதை மேல அனுப்பாத. அலமாரிக்கு அடியில தள்ளு.”

தள்ளினேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் விழுந்துவிட்டார்.

அக்டோபர் 12, வியாழன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

ஆம்புலன்ஸ் முதலில் அருகில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. அங்கே அரை நாள் நாற்காலியிலேயே வைத்திருந்து, அங்கியில் ஒரு காகிதத்தைக் குத்தி, இங்கே அனுப்பிவிட்டார்கள். கவுண்டி யாரையும் திருப்பி அனுப்பாது என்பது அவர்களுக்கும் தெரியும். எங்கள் தெருவில் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள்தான். இங்கேதான் தடுப்பூசி, இங்கேதான் பல் பிடுங்கல், மூக்குக்கண்ணாடி, மருந்து ஜன்னலில் காலை முழுக்க வரிசை. சிறைக்கு ஒரு வார்டு, தீக்காயத்துக்கு ஒரு வார்டு. முதலில் இது, ஆதரவற்றவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஏழைகள் பண்ணையாக இருந்ததாம். கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே அந்தக் காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன, பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு. அம்மா அதன் மேல் நடக்கும்போதெல்லாம் “மன்னிச்சுக்குங்க” என்று முணுமுணுப்பார்.

நான்காம் மாடி. பதினொன்றாம் கட்டில். வேறு காலி இல்லையாம்.

டாக்டர் கெல்னர் இளைஞர். சட்டையில் காபிக் கறை. வயிற்றில் கட்டி ஈரல் வரை போய்விட்டது என்றார். “ஒரு வாரம். அதுக்கு மேல எதிர்பாக்காத, லுவீனியா. வீட்டுல வேற யாரு இருக்காங்க?”

யாரும் இல்லை. சிகாகோவில் பெரியம்மா இருக்கிறார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு வலி ஆரம்பித்த வருடம் நான் பள்ளியை விட்டேன். கூட இருக்கத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது, சிரிப்பார்கள் — அதையும் அம்மா அறிவார். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. உலகத்தில் நான் பயமில்லாமல் பேசும் ஒரே ஆள் அவர்.

ஒரு வாரமா?

அக்டோபர் 13, வெள்ளி

அந்த விரிப்பை அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்தேன். தூசி கூட இல்லை.

வண்டியில் மேலாக வைத்துக்கொண்டு போனேன். “அம்மாவோட விரிப்பை நான் மாத்தட்டுமா?” என்றேன். நர்ஸ் லிகாயா வியந்துபோய், “அட, பேசுதே! மாத்து கண்ணு, உங்கம்மாதானே” என்றார்.

கால்மாட்டு மூலை. மெத்தைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல். இரண்டு சுற்று.

அக்டோபர் 17, செவ்வாய்

அழுக்கானால் அதை நானே எடுத்துவந்து தொட்டியில் கையால் துவைக்கிறேன், முடிச்சோடு. நீராவிக் குழாயின் மேல் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். அந்த ஒரு மணி நேரமும் அம்மா நீல முத்திரையின் மேல் படுத்திருக்கிறார். நான் குழாயை விட்டு நகர்வதில்லை.

நனைந்து காய்ந்து முடிச்சு கல் மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 20, வெள்ளி

ஒரு வாரம் தாண்டிவிட்டது! டாக்டர் கெல்னர் அட்டையை இரண்டு முறை புரட்டினார். “எனக்கே புரியல” என்றார். அம்மா டப்பாவில் வந்த பீச் பழம் இரண்டு துண்டு சாப்பிட்டார். “ஆஸ்பத்திரிக்காரங்க பழத்தைக் கூட வேகவச்சுத்தான் குடுப்பாங்களா?” என்று கேலி வேறு.

வீட்டுக்குப் பேருந்தில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

அக்டோபர் 25, புதன்

அம்மா கேட்டார்: “வீனி, இங்க எங்கயாவது மாடிப்படி இருக்கா?”

“தாழ்வாரத்தோட அந்தக் கோடியிலம்மா. ஏன்?”

“இல்ல, பக்கத்துல. யாரோ இறங்கி வர்றாங்க. பூட்ஸ் சத்தம். வர்றாங்க, வர்றாங்க, வந்து சேரவே மாட்டேங்குறாங்க.”

மருந்து மயக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

சாப்பாட்டுக்காக இயந்திரங்களை நிறுத்தினார்கள். உலர்த்தும் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு இடம் மட்டும் செங்கல் நிறம் மாறியிருக்கும். பழைய படிக்கட்டை அங்கே அடைத்திருக்கிறார்கள். அதன் அருகில் என் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்குள் ஒருவர் படியிறங்கினார்.

அவசரமில்லாத நடை. ஒரு படி. ஒரு படி. எண்ணினேன். ஒரு மாடிக்கு இருபது படி இருக்குமா? அறுபத்து மூன்று வரை எண்ணினேன். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மிஸ் ஆர்டீலியா ஏன் எப்போதும் தன் நாற்காலியைக் கூடத்தின் மறு கோடியில் போட்டுக்கொள்கிறார் என்று இன்றுதான் யோசித்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

“உங்கம்மா மூணு நாளா கண்ணை மூடல” என்றார் நர்ஸ் லிகாயா. வழக்கமான கிண்டல் குரலில் இல்லை. “ஊசி போட்டாச்சு. இன்னும் கூடுதலா போட்டாச்சு. பெரிய மனுஷனையே சாய்க்கிற அளவு. அப்படியே விட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இருபத்து ரெண்டு வருஷமா நர்ஸா இருக்கேன் கண்ணு, இந்த மாதிரி…”

சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாராவது முடிச்சு கிடிச்சு போட்டாங்களான்னு கேட்டேன். எல்லாரும் இல்லங்குறாங்க. இந்தக் கட்டிலுக்கு நாங்க போடவே இல்ல. இவ்வளவு வலியில கிடக்குறவங்களுக்குப் போட மனசு வரல.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை என் கையில் இருந்தது. எலும்பும் சூடும்தான். வலி வரும்போது விரல்கள் மட்டும் இறுகும். சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டாலாவது —

இல்லை. நல்லா ஆயிடும். ஒரு வாரம்னாங்க, பதினெட்டு நாள் ஆகலையா? நல்லா ஆயிடும்.

நவம்பர் 1, புதன்

மாலை பார்வையாளர் நேரம். அம்மாவின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தேன். கண்கள் காய்ந்து போயிருக்கின்றன, சிமிட்டுவதே இல்லை.

“எந்த மூலை?” என்றார்.

சீப்பு கையில் நின்றுவிட்டது.

“கால்பக்கம்தானே? அப்பவும் கால்பக்கம்தான்.”

பிறகு சொன்னார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நான் மூன்று முறை சீவ வேண்டியிருந்தது.

“நீ பொறந்த அன்னைக்கி. கீழ, ஆறாம் நம்பர்ல. காலையில ரத்தம் போக ஆரம்பிச்சுது. டாக்டர் வர்றாரு, வர்றாருன்னாங்க. ஒரு பொண்ணு முடிச்சு போட்டா. நான் படியில சத்தம் கேட்டுக்கிட்டே கிடந்தேன். சாயங்காலம் வந்தாரு.”

“அம்மா, பேசாம இரும்மா.”

“அன்னைக்கி உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன் வீனி. வலிக்கல. இப்போ யாருக்குன்னு தெரியல. யாரும் வரலேன்னா சொல்லிடும்மா. நான் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிடு.”

நான் எப்படிம்மா சொல்லுவேன்? என்னால முடியாது. எனக்கு வேற யாரு இருக்கா?

ஆறாம் எண். என் மேசை.

நவம்பர் 2, வியாழன்

மிஸ் ஆர்டீலியாவின் முன்னால் போய் நின்றேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“அவிழ்த்தா என்ன ஆகும்?”

என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. திட்டுவார் என்று நினைத்தேன்.

“எனக்கு ஏன்டி அது தெரியணும்?” என்றார். “நான் போட்டது எத்தனையோ. ஒண்ணைக் கூட அவிழ்த்ததில்ல. முடிச்சைப் போட்டுட்டு, இருங்க, டாக்டர் வர்றாருன்னு சொல்லிட்டு, மூணு மணிக்கு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிருவேன். மறுநாள் வந்து பாத்தா கட்டில்ல வேற ஆள் இருக்கும். துணி மூட்டையில போயிருக்கும்.”

கையில் இருந்த தலையணை உறையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அவங்ககிட்ட, போதும், இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நாங்க யாருமே சொல்லல. அந்தச் சத்தம் எனக்கும் கேக்கும்டி. நான் என்ன செவிடா?”

நவம்பர் 3, வெள்ளி

மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் மேலே போனேன். கொக்கியை எடுத்துப் போகவில்லை.

ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. நர்ஸ் லிகாயா என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்திருக்குமா?

கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தேன். நகம் உடைந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். சோப்பு வாசனை, அதற்கடியில் ஏதோ பழைய வாசனை, ஈரச் சுண்ணாம்பு போல. முதல் சுற்று வர நெடுநேரம் ஆனது. முழு நேரமும் பேசிக்கொண்டே இருந்தேன். வீட்டு அடுப்பைப் பற்றி, மிஸ்டர் டில்லார்டைப் பற்றி, பெரியம்மாவின் கடிதத்தைப் பற்றி. என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை.

இரண்டாம் சுற்றில் நிறுத்தினேன். நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஒரு சுற்று போதும், பாதி முடிச்சு, பாதி —

அம்மாவின் கால்விரல் இறுகியது.

“யாரும் வரமாட்டாங்கம்மா” என்றேன். “நீ காத்திருக்க வேண்டாம்.”

அவிழ்த்தேன்.

“சத்தம் நின்னுடுச்சு” என்றார் அம்மா. ஏழு நாளுக்குப் பிறகு கண்ணை மூடினார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம் முடியும் மணி அடிக்கும் வரை இருக்கவிட்டார்கள், பிறகும் இருக்கவிட்டார்கள்.

நவம்பர் 4, சனி

காலை பத்தே காலுக்கு. தூக்கத்திலேயே.

நவம்பர் 13, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பெரியம்மா சிகாகோவுக்கு வந்துவிடச் சொல்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.

மிஸ் ஆர்டீலியா என் மேசையில் சோள ரொட்டியை வைத்துவிட்டு, “கருகிப்போச்சு, அதான் உனக்கு” என்றார். கருகவில்லை.

அம்மாவின் கட்டிலிலிருந்து இறங்கிய துணி மூட்டையை அன்றே துவைத்துவிட்டார்கள். அந்த விரிப்பைத் தேடினேன். எல்லாமே நீலம். யாரும் சிவப்பு முத்திரையைப் பார்க்கவில்லை என்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்கள் நின்றதும் செங்கல் சுவரில் காதை வைத்தேன். நின்றிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் விசித்திரம்.

நவம்பர் 16, வியாழன்

காலை மூன்றாவது மூட்டையில் அது வந்தது. சிவப்பு வட்டம், ‘சி’. மூலையில் முடிச்சு. நான் போட்டது போல இல்லை. ஒரே சுற்று, அவசரமாகப் போட்டது. துணியில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

கை பழக்கத்தில் கொக்கிக்குப் போனது. எடுத்தேன். திரும்ப ஆணியில் மாட்டினேன். மேலே யாரோ இதை நம்பிக் காத்திருக்கிறார்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஸ் ஆர்டீலியா பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கடி போற? மூட்டை மலை மாதிரி கிடக்கு.”

“மேல.”

அவர் என் பக்கத்து மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முடிச்சு அவிழாமல் விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறினேன். முதல் மாடி வார்டின் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, இது யார் கட்டிலில் இருந்தது என்று கேட்டேன்.